ஹைட்ரஜன் ஆய்வகங்களுக்கு ஒரு பொதுச் சோதனை மேடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் பற்றிய செய்திகள் இப்போது வாரம் தவறாமல் வருகின்றன. புதிய வினையூக்கி, இரு நிறுவனங்களுக்கிடையே புரிந்துணர்வு ஒப்பந்தம், கடல்நீரிலிருந்து நேரடியாக ஹைட்ரஜன் என்று தலைப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு ஆய்வகம் சொல்லும் எண்ணை இன்னொரு ஆய்வகம் சொல்லும் எண்ணோடு பெரும்பாலும் ஒப்பிடவே முடிவதில்லை. அளக்கும் முறை ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது. கூட்டு ஆய்வு என்று கையெழுத்திட்ட பிறகும் அவரவர் அவரவர் அறையில், அவரவர் கருவியில், அவரவர் தண்ணீரில் அளக்கிறார்கள். இதை மாற்ற, எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையில் அளக்கும் ஒரு பொதுச் சோதனை மேடை சென்னையில் வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

சென்னையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிண்டியில் ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. தரமணி ரிசர்ச் பார்க்கில் புதிய பொருள்களை ஆராயும் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் எரிமின்கல (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) மையம், பக்கத்திலேயே சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் பிரிவு. பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை நிறுவனமும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். ஹைட்ரஜன் சென்சாரில் நீண்ட அனுபவம் உள்ள இடம். ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டி 2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் சோதிக்கப்பட்டது. ஹைட்ரஜனை அன்றாடம் செலவழிக்கும் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் மணலியில் இருக்கின்றன. தண்ணீரைப் பிரிப்பவர், அளப்பவர், வாங்குபவர் எல்லாரும் ஒரே நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருப்பது எளிதில் அமையாத வாய்ப்பு.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி, அதாவது நூற்றுக்கு இரண்டு. அந்தச் சின்னத் தொகையில் பத்து ஆய்வகங்கள் ஒரே சோதனையைப் பத்து விதமாகச் செய்தால் நாட்டுக்கு நஷ்டம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 26,590 ஆம்பியர் மணி மின்சாரம் செல்லவேண்டும். இது இயற்கை விதி. எந்த வினையூக்கியாலும் குறைக்க முடியாது. மாறுவது மின்னழுத்தம் மட்டும்தான். தண்ணீரைப் பிரிக்கும் ஒரு செல் 1.8 வோல்ட்டில் ஓடினால் கிலோவுக்குச் சுமார் 48 யூனிட், 2 வோல்ட்டில் ஓடினால் 53 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால், மின்னழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைவது கிலோவுக்கு 13 ரூபாய் மிச்சம். ஒரு மெகாவாட் எலக்ட்ரோலைசர் (பல செல்கள் சேர்ந்த, தண்ணீரைப் பிரிக்கும் கருவி) ஆண்டில் 70 சதவீத நேரம் முழுத் திறனில் ஓடினால் அந்த 0.1 வோல்ட்டின் மதிப்பு 15 லட்சம் ரூபாய்க்கு மேல். எனவே வினையூக்கி ஆய்வு வீண் வேலை அல்ல. அந்த 0.1 வோல்ட் உண்மையிலேயே கிடைத்ததா, அளவீட்டுப் பிழையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருப்பதுதான் சிக்கல்.

பிழை எங்கே நுழைகிறது என்பதற்கு நிக்கல் நுரையையே (நுரைபோலத் துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) எடுத்துக்கொள்வோம். காரக் கரைசலில் ஆக்சிஜன் வெளிவரும் மின்முனைக்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் நிக்கல் நுரையின் மேல் பூச்சு ஏற்றுகின்றன. மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து, அதையே சாதனையாக எழுதுகிறார்கள். ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாக வைத்த அளவில் 1.35 முதல் 1.45 வோல்ட் வரை நிக்கல் தானே ஆக்சிஜனேற்றம் அடையும். அப்போதும் மின்னோட்டம் எழும். நுரையின் உள்பரப்பு பெரியது என்பதால் அந்த மின்னோட்டம் மட்டுமே 10 மில்லிஆம்பியரைத் தாண்டிவிடும். ஒரு குமிழி ஆக்சிஜன்கூட வந்திருக்காது. தாளில் மட்டும் சாதனை பதிவாகிவிடும். மின்னழுத்தத்தை இறக்கிக்கொண்டு வரும்போது அளந்தாலோ, ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் நிறுத்தி நிலையான மின்னோட்டத்தை எடுத்தாலோ இந்தப் பிழை வராது. மேலும், தொழிற்சாலையில் காரக் கரைசலில் ஓடும் காரவகை எலக்ட்ரோலைசர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 200 முதல் 400 மில்லிஆம்பியர் வரையிலும், கரைசலுக்குப் பதில் மெல்லிய சவ்வு வழியே அயனி கடக்கும் சவ்வுவகை 1,000 முதல் 2,000 வரையிலும் ஓடுகின்றன. 10 மில்லிஆம்பியரில் முதலிடம் பிடித்த பூச்சு 1,000-ல் குமிழி அடைத்து மூச்சுத் திணறலாம், உரிந்தும் போகலாம்.

கரைசலிலும் கவனம் வேண்டும். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளில் சுமார் 85 சதவீதம்தான் ஹைட்ராக்சைடு, மீதி பெரும்பாலும் ஈரம். 30 கிராம் வில்லையை 70 கிராம் தண்ணீரில் கரைத்துவிட்டு 30 சதவீதக் கரைசல் என்று எழுதினால் உண்மையில் அது 25.5 சதவீதம். அதே வில்லையில் இரும்பு மில்லியனில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலும் நிக்கல் அதைக் கரைசலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதன் செயல்திறன் வெகுவாக ஏறிவிடும். நிக்கலில் தாங்கள் சேர்த்த மூன்றாவது உலோகம் செய்த வேலை என்று எழுதுகிறார்கள், செய்தது வில்லையில் வந்த இரும்பு. நிக்கல் ஹைட்ராக்சைடு தூளைக் கரைசலில் போட்டுச் சில மணி நேரம் கலக்கி, சுழற்றிப் பிரித்தெடுத்தால் இரும்பு போய்விடும். தொழிற்சாலைக் குழாய்களில் எப்படியும் இரும்பு இருக்கும் என்பதால், சுத்தம் செய்த கரைசலிலும் செய்யாத கரைசலிலும் அளந்து இரண்டு எண்ணையும் வெளியிடுவதே நேர்மை. கரைசலைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது. காரம் கண்ணாடியை அரித்துச் சிலிக்காவைக் கொண்டுவரும். மூடாமல் வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கார்பனேட் ஆகும். பாலிபுரோப்பிலீன் புட்டியும் டெஃப்லான் செல்லும் போதும்.

ஹைட்ரஜன் பக்க வினையூக்கியைச் சோதிக்கும்போது எதிர்ப்பக்கம் பிளாட்டினக் கம்பி வைப்பது இன்னொரு தவறு. நீண்ட சோதனையில் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சோதிக்கப்படும் மின்முனையின் மேலேயே படியும். சோதனை நீள நீள 'விலை குறைந்த' வினையூக்கி மேம்பட்டுக்கொண்டே போவதாகத் தெரியும். கிராஃபைட் தண்டு வைத்து, நடுவில் சவ்வால் பிரித்தால் இது தீரும்.

இனி சவ்வுவகை செல். எரிமின்கலத்தில் பயன்பட்ட கிராஃபைட் தகடுகளை அப்படியே எடுத்து மின்னாற்பகுப்புக்கு மாட்டுவது செலவு குறைந்த வழி என்று தோன்றும். ஆக்சிஜன் பக்கம் 1.8 வோல்ட்டில் கார்பன் நிலைக்காது. சில நாட்களில் தகட்டின் ஓடைகள் உதிர்ந்து, வெளிவரும் தண்ணீரில் கருந்துகள் மிதக்கும். அந்தப் பக்கத்துக்கு டைட்டானியம்தான் வேண்டும். அதன் மேலும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு இல்லாவிட்டால் ஆக்சைடு படலம் வளர்ந்து தொடர்புத் தடை ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் இரும்பு அயனி சவ்வுக்குள் போய், அங்கே உண்டாகும் பெராக்சைடோடு சேர்ந்து சவ்வை உள்ளிருந்தே அரிக்கும். வெளிவரும் நீரில் ஃபுளோரைடு அளவு ஏறுவது அதன் முதல் அறிகுறி. சவ்வு கிழிவதற்கு வெகு முன்பே இது தெரியும் என்பதால் வாரம் ஒருமுறை ஃபுளோரைடு பார்ப்பதைக் கட்டாயமாக்கவேண்டும்.

செல்லைப் பூட்டுவதில் தவறுவதுதான் அதிகம். கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் சட்டம்) தடிமன் கூடினால் டைட்டானிய ஃபெல்ட் (டைட்டானிய இழைகளால் ஆன விரிப்பு) சவ்வைச் சரியாகத் தொடாது, தடை ஏறும். குறைந்தால் ஃபெல்ட்டின் இழைகள் சவ்வில் குத்தி ஊசித்துளை விழும். போல்ட்டுகளை வரிசையாக முறுக்கினால் ஒரு ஓரம் நசுங்கி மறு ஓரம் தூக்கும். எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் வைத்து, மூன்று நான்கு சுற்றில் படிப்படியாக ஏற்றவேண்டும். பூட்டியபின் இரண்டு பக்கங்களுக்கும் இடையே நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, பத்து நிமிடம் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கினோம், சவ்வின் தடிமன் எவ்வளவு என்ற இரண்டு விவரங்களும் பல அறிக்கைகளில் இருப்பதில்லை. சவ்வு மெலிந்தால் மின்னழுத்தம் குறையும், ஆனால் ஹைட்ரஜன் மறுபக்கம் கசிவது கூடும். தடிமன் சொல்லாத மின்னழுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

இந்தக் கசிவு தமிழ்நாட்டுக்கு மிகவும் முக்கியம். நம் காற்றாலைகள் ஆடியில் கொடுப்பதை மார்கழியில் கொடுப்பதில்லை. சூரிய மின்சாரமோ காலையில் ஏறி மாலையில் இறங்கும். எலக்ட்ரோலைசர் குறைந்த சுமையில் ஓடும்போது ஆக்சிஜன் உற்பத்தி குறைகிறது, ஹைட்ரஜன் கசிவு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆக்சிஜனில் ஹைட்ரஜன் 4 சதவீதத்தை எட்டினால் வெடிக்கும் கலவை. அதனால் 2 சதவீதத்திலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அந்த எல்லை எத்தனை சதவீதச் சுமையில் வருகிறது என்பது நம் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க அடிப்படையான எண். முழுச் சுமையில் மட்டும் அளந்த அறிக்கையில் அது கிடைக்காது.

கருவியை அடிக்கடி நிறுத்துவதற்கும் விலை உண்டு. காரவகை ஸ்டாக்கில் (செல்களின் அடுக்கில்) செல்கள் எல்லாம் பொதுவான கரைசல் குழாயால் இணைந்திருக்கின்றன. மின்சாரம் போனதும் மின்முனைகளில் தங்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு பேட்டரிபோல நடந்துகொண்டு, மின்னோட்டம் தலைகீழாக ஓடும். நிக்கல் எதிர்மின்முனை ஆக்சிஜனேற்றம் அடையும். நூற்றுக்கணக்கான நிறுத்தங்களில் பூச்சு உதிரும். சிறிய அளவு மின்னோட்டத்தை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் இதைத் தடுக்கலாம். எனவே சோதனை அட்டவணையில் தொடர் ஓட்டத்தோடு, திட்டமிட்ட நிறுத்தங்களும் இருக்கவேண்டும்.

தண்ணீருக்கு வருகிறோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதிக் கணக்குப்படி 9 லிட்டர், நடைமுறையில் 10 லிட்டர் தூய நீர். 2030-க்கான தேசிய இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன். அதற்குத் தேவையான தூய நீர் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 13.7 கோடி லிட்டர். 2024-ல் நெம்மேலியில் திறந்த இரண்டாவது கடல்நீர் ஆலையின் திறன் 15 கோடி லிட்டர் என்பதோடு வைத்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் இது பெரிய அளவில்லை. ஆனால் ஒரே கடலோர ஊரில் குவிந்தால் அந்த ஊருக்குப் பாரம். கடல்நீரை நேரடியாகப் பிரித்தால் மின்சாரம் மிச்சமாகும் என்ற வாதம் கணக்கில் நிற்கவில்லை. சவ்வூடுபரவல் முறையில் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் போதும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கான நீருக்கு 0.04 யூனிட், அதைப் பிரிக்கவோ 50 யூனிட். மிச்சமாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகக் குளோரின் வெளிவருவதையும், எதிர்மின்முனையில் மக்னீசியம், கால்சியம் ஹைட்ராக்சைடு சுண்ணாம்பாகப் படிவதையும், உலோக அரிப்பையும் ஏற்கவேண்டியிருக்கிறது. அடிப்படை அறிவியலாக அது நடக்கட்டும். பொதுப் பணத்தில் முதல் பங்கு அதற்குப் போகக் கூடாது என்பது எங்கள் கருத்து.

ஆய்வகத்துக்குள் வரும் தண்ணீர் வேறு கதை. சென்னையில் ஒரே கட்டடத்துக்கு ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், அடுத்த வாரம் லாரித் தண்ணீர், கோடையில் போர்வெல் என்று வரும். கால்சியம் ஏறிய நீர் ஆர்.ஓ.வைத் தாண்டிச் சிறிதளவு போனாலும் சவ்வின் அமிலத் தலங்களை அந்த அயனிகள் பிடித்துக்கொள்ளும். செல் மின்னழுத்தம் நாளுக்கு நாள் ஏறும். வினையூக்கி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். நீர்த்த கந்தக அமிலத்தில் சவ்வைக் கழுவினால் மின்னழுத்தம் ஓரளவு திரும்பும். திரும்பினால் குற்றவாளி தண்ணீர்தான். சவ்வுவகை செல்லுக்கு நீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்கவேண்டும். அளவீடு தொட்டியில் அல்ல, செல்லுக்குள் நுழையும் இடத்தில். சூடான நீரை அப்படியே ரெசினுக்குள் (நீரிலுள்ள அயனிகளைப் பிடித்துச் சுத்தமாக்கும் மணிகள்) விட்டால் ரெசின் கெடும், குளிர்வித்துத்தான் விடவேண்டும்.

நீண்ட நேரச் சோதனைதான் எல்லாவற்றிலும் கடினம். தொழிலில் ஒரு ஸ்டாக் 40,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். மணிக்கு 5 மைக்ரோவோல்ட் வீதம் மின்னழுத்தம் ஏறினால் 40,000 மணியில் 0.2 வோல்ட், கிலோவுக்கு 5 யூனிட்டுக்கு மேல் கூடுதல் செலவு. ஆனால் 1,000 மணி நேரச் சோதனையில் அதே வீதம் வெறும் 5 மில்லிவோல்ட்டாகத்தான் தெரியும். செல்லின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் நகரும். சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றுபோன அறையில், யு.பி.எஸ். இல்லாமல், இரவில் ஆளில்லாமல் ஓட்டிய சோதனையில் அந்த 5 மில்லிவோல்ட்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 1,000 மணி என்பது 42 நாள். ஒரு ஆய்வு மாணவரால் தனியாக 42 இரவு காவலிருக்க முடியாது. 24 மணி நேரச் சோதனையோடு அறிக்கை முடிவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, ஆள் இல்லாமை.

ஆகவே பொதுச் சோதனை மேடை. தரமணியில், எல்லாரும் எட்டும் இடத்தில் வைக்கலாம். 25 சதுர சென்டிமீட்டர் செல்லுக்கு ஆறு நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 ஆம்பியர் நேர்மின் வழங்கி, தனித்தனி நீர்ச்சுற்று, தனி ரெசின் குடுவை, வெப்பநிலை 80 டிகிரியில் அரை டிகிரி பிசகாமல் நிற்கும் கட்டுப்பாடு. பல செல் ஸ்டாக்குகளுக்கு 5 கிலோவாட் நிலையம் ஒன்று. கூரையோரம் ஹைட்ரஜன் டிடெக்டர். வாயு லேசானது, மேலேதான் சேரும். ஹைட்ரஜன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் டிடெக்டரும் காற்றுப்போக்கியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, காற்றுப்போக்கி நின்றால் மின் வழங்கியும் நிற்கவேண்டும். மூன்று ஷிஃப்ட் பணியாளர்கள். கருவி வாங்கப் பணம் தரும் திட்டங்கள் அதை ஓட்டும் ஆளுக்கும், ஆண்டுப் பராமரிப்புக்கும், ரெசினுக்கும் தருவதில்லை. இங்கே அந்தச் செலவைத்தான் முதலில் எழுதவேண்டும்.

வெளிவரும் வாயுவையும் அளந்தே ஆகவேண்டும். 50 ஆம்பியர் ஓடினால் 25 டிகிரியில் உலர்ந்த ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 380 மில்லிலிட்டர் வரவேண்டும். 350 வந்தால் எங்கோ கசிவு. 395 வந்தால் வாயுவை உலர்த்தவில்லை: 30 டிகிரியில் ஈரமான வாயுவில் 4 சதவீதத்துக்கு மேல் நீராவிதான். நூற்றுக்கு மேல் திறன் காட்டும் அறிக்கைகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

நிறுவனங்கள் தங்கள் ரகசியம் போய்விடும் என்று அஞ்சுவது நியாயமே. சவ்வையும் வினையூக்கியையும் சேர்த்து மூடி முத்திரையிட்டுக் கொடுக்கட்டும். மேடை அதைத் திறக்காது. எண்களை மட்டும் தரும். ஆனால் பொதுப் பணத்தில் செய்த சோதனையின் எண்கள் நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் வெளிவரவேண்டும். எந்தப் பூச்சு 300 மணியில் உதிர்ந்தது என்பது அடுத்த ஆய்வகத்துக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும்.

பத்திரிகையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். புதிய கண்டுபிடிப்புச் செய்தி வந்தால் நான்கு எண்களைக் கேளுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர், மின்தடையால் ஆகும் இழப்பைக் கழித்துத் திருத்தாத முழு செல்லின் மின்னழுத்தம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது, ஆக்சிஜனில் ஹைட்ரஜன் எத்தனை சதவீதம்.

இந்தத் துறையில் நாம் புதியவர்கள் அல்ல. 1960-களிலேயே பஞ்சாபின் நங்கல் உர ஆலையில் பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து அம்மோனியா தயாரித்த நாடு இது. மேடையின் முதல் சுற்றுக்குப் புதிய வினையூக்கி எதுவும் தேவையில்லை. கடையில் கிடைக்கும் சவ்வை ஒரே ரோலிலிருந்து வெட்டி, ஒரே தொகுதி இரிடியம் ஆக்சைடும் பிளாட்டினமும் பூசி, ஒரே அச்சில் கேஸ்கெட் வெட்டி, முறுக்கு அளவு எழுதிய தாளோடு ஐந்து ஆய்வகங்களுக்கு அனுப்பினால் போதும். ஐந்து பேரும் 60 டிகிரியிலும் 80 டிகிரியிலும், சதுர சென்டிமீட்டருக்கு 0.2, 1, 2 ஆம்பியரில் அளந்து, எண்களை உறையில் மூடி வைத்து, ஒரே நாளில் உறையைப் பிரிக்கட்டும். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இப்படி ஒரு சுற்றுச் சோதனையை ஏற்கெனவே நடத்தியிருக்கின்றன. நம் ஐந்து எண்களுக்கும் இடையே 50 மில்லிவோல்ட் இடைவெளி வந்தால், 30 மில்லிவோல்ட் முன்னேற்றம் என்று இதுவரை எழுதியவற்றை மறுபடி அளக்கவேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்ய நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நீர் மின்னாற்பகுப்பு ஆய்விலும் கருவித் தயாரிப்பிலும் ஈடுபட்டுள்ள சிலர்,
தரமணி, சென்னை.